முந்திரிக்கு எழுதிய ஜாதகம்

படைப்புழு தின்ற மக்காச்சோள இலை ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு விவசாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மருந்தை எடுக்க நான் அலமாரிப் பக்கம் திரும்பிய நேரத்தில்தான் பிரேம் கடைக்குள் நுழைந்து, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"அண்ணே, இந்தக் குதிரையப் பாருங்கண்ணே. எங்க போயி ஒக்காருதுன்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். மூன்று நிமிட செஸ் ஆட்டம். கறுப்பு ஆடுபவரின் ராஜாவைச் சுற்றி வெள்ளைக் காய்க்காரன் படையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை. அந்த நேரத்தில் கறுப்பு தன் குதிரையை எடுத்துப் பலகையின் ஓரத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வைக்கத் தயங்கும் கட்டத்தில் வைத்தது. பிரேம் அடுத்த காயைக் காட்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குதிரை ஓரத்திலிருந்து திரும்பி உள்ளே வரும். வரும்போது வெள்ளை ராஜா தப்பிக்க வேண்டிய ஒரே கட்டத்தை அடைத்துவிடும். வெள்ளைக் காய்க்காரன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. புரிந்ததுதான் தொந்தரவு. புரியாமல் இருந்திருந்தால் ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அப்படி ஒரு குதிரையை இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட வைத்ததில்லை.

"யாரு இது?"

"முந்திரிண்ணே. ஆன்லைன்ல பேரு அதான். நெசப் பேரு வெற்றிச்செல்வி. உடையார்பாளையம். இந்த வருசம் அரியலூர் டீமுக்கு மொதல் போர்டு அவங்கதானாம்."

"வேகமா ஆடுறாங்க, அவ்வளவுதான்" என்றேன். இலை கொண்டுவந்தவர் மருந்தை எப்போது அடிக்க வேண்டும் என்று கேட்டார். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடியுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கடுகடுவென்று கேட்டது. அவர் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் பெரம்பலூர்க்காரர்களுக்கும் அரியலூர்க்காரர்களுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை பிளிட்ஸ் போட்டி நடக்கும். ஆளுக்கு மூன்று நிமிடம், அது தீர்ந்தால் தோல்வி; எதிரே உட்காருகிறவரோடு இரண்டு ஆட்டம். ஒரே மாவட்டமாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, மறுபடியும் பிரிந்த ஊர்கள். அந்தப் பங்காளிச் சண்டையைப் பலகையில் தீர்த்துக்கொள்வதாக எங்களுக்குள் ஒரு பேச்சு. தோற்ற ஊர் ஜெயித்த ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும், வேறு கோப்பை கீப்பை எதுவும் கிடையாது. டீமின் பலமான ஆள் உட்காரும் முதல் போர்டு எப்போதும் என்னுடையது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அரியலூரிடம் தோற்றதே இல்லை. உரக்கடை அறிவழகன் என்று என்னைக் கூப்பிடுகிற ஊரில் அன்று ஒரு நாள் மட்டும் நான் செஸ் அறிவழகன். இது சின்ன விஷயம்தான். எனக்கு அதைவிட்டால் பெரிய விஷயம் வேறு இல்லை.

பிரேம் பக்கத்து எலெக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கிறான். கடைசி போர்டில் ஆடுவான். தன் ஆட்டம் முடிந்ததும் நேராக வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வான். நான் ஒரு நல்ல காயை வைத்தால் பின்னாலிருந்து மெல்ல 'ச்ச' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் சில காய்களை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பிரேம் இப்போது தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய ஆட்டத்தைப் பார்த்து 'ச்ச' என்கிறான்.

போட்டிக்கு முன்னால் ஜாதகம் எழுதுவதும் என் பொறுப்பு. எதிர் டீம் ஆட்கள் ஆன்லைனில் ஆடியதை எல்லாம் பார்த்து, யாருடைய பாணி எப்படி, பலம் எது, பலவீனம் எது, பரிகாரம் என்ன என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். இலையைப் பார்த்து நோயைச் சொல்கிறவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. 'ஜாதகம் எப்ப சார்?' என்று நடராசன் சார் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே கேட்க ஆரம்பித்துவிடுவார். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார், எங்கள் டீமுக்குத் தலைவர்.

அந்த மாதம் முழுக்கக் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் முந்திரியின் ஆட்டங்களைப் பார்த்தேன். "பொண்ணு பாக்கப் போற மாதிரியில்ல பாக்குறீங்க" என்று என் மனைவி சசிகலா கேலி செய்தாள். பெண் பார்க்கப் போகிறவன் நல்லதைத் தேடுவான். நான் குறையைத் தேடினேன்.

முதலில் கண்ணில் பட்டது வேகம் அல்ல. வேகம் எல்லோரிடமும் இருக்கிறது. அவள் பின்வாங்குவதே இல்லை. மந்திரியை, அதாவது பிஷப்பை, விரட்டினால் மற்றவர்கள் ஒரு கட்டம் பின்னால் வைப்பார்கள், நானும் அப்படித்தான். அவளோ விரட்டியவனையே விரட்டுவாள். காய் போனால் போகட்டும் என்பது போல ஆடிவிட்டு, போன காய்க்கு இரண்டாகத் திரும்ப எடுப்பாள். தொடக்கத்தில் புத்தக ஆட்டம் கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்று தோன்றும். அதனால் தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு. மாட்டிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு ஆட்டமே பிடிக்கும் போலிருந்தது. எங்கள் ஊர் ஆட்கள் எல்லாம் தோற்கக்கூடாது என்று ஆடுகிறவர்கள், நான் முதல் ஆள். இவள் விளையாடினாள். எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்று சொல்வது தப்பு. பொறாமை. வேறு பெயர்களை வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

தேடியது கிடைத்தது. ஆன்லைன் ஆட்டத்தில் ஒவ்வொரு காய்க்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பது கூடவே பதிவாகியிருக்கும். அவள் மடமடவென்று ஆடிக்கொண்டே வருவாள். திடீரென்று ஓர் இடத்தில் நின்றுவிடுவாள். யோசிக்க ஒன்றுமே இல்லாத காய்க்குக் கையிலிருக்கும் நேரத்தில் பாதி போய்விடும். அதற்குப் பிறகு வைக்கிற காயும் பெரும்பாலும் தண்டமாக இருக்கும். மக்காச்சோள இலையில் ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அவள் கடிகாரத்தில் ஓட்டை இருந்தால் அவள் எதற்கோ பயப்படுகிறாள் என்று அர்த்தம். எதற்கு? ராணி இல்லாத ஆட்டத்துக்குத்தான் என்று தோன்றியது. ராணியை மாற்றிக்கொண்ட பிறகு இந்த ஓட்டை விழுந்த ஆட்டங்களைப் பொறுக்கி எடுத்தேன். நிறைய கிடைத்தன.

ராணி பலகையில் இருக்கும்போதே ஓட்டை விழுந்த ஆட்டங்களும் இருந்தன. தொடக்கத்திலேயே விழுந்தவைகூட இருந்தன. அவற்றை நான் பார்க்காமல் இல்லை. பார்த்து, தள்ளிவிட்டு, அடுத்ததற்குப் போனேன்.

ஜாதகம் எழுத உட்கார்ந்தபோது 'பலம்' என்ற இடத்தில் முதலில் வந்தது நீளமாக வந்தது. அந்த ஓரத்துக் குதிரையைப் பற்றி எழுதியிருந்தேன். எழுதியதைப் படித்தால் பிரேம் எழுதியது மாதிரி இருந்தது. அழித்தேன். கடைசியில் போட்டது இது:

'ஜாதகர்: முந்திரி. ஊர்: உடையார்பாளையம். ராசி: குதிரை. லக்னம்: அவசரம். பலம்: வேகம். பலவீனம்: ராணி வெட்டுப்பட்டுப் போனால் ஜாதகருக்குக் கை நடுங்கும், நேரம் போவது தெரியாது. பரிகாரம்: சீக்கிரமாக ராணிக்கு ராணி மாற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவும். மற்றதைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும்.'

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. பிரேம் மட்டும் நேரில் வந்து, "ராணி இல்லாத ஆட்டத்துல அவங்க நல்லாவும் ஆடியிருக்காங்களேண்ணே" என்றான். "நான் ஒரு மாசமா பாத்திருக்கேன். நீ பாத்தியா?" என்றேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி போனைத் திறந்தான்.

போட்டி அந்த வருஷம் அரியலூரில். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்திருந்தார்கள். மேலே மேடையில் சாயங்கால வரவேற்புக்கு யாரோ பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சமையல்கட்டில் பெரிய கிரைண்டர் ஒன்று மாவு அரைத்துக்கொண்டிருந்தது. இலை போடுகிற நீள மேசைகளில் பலகைகளை விரித்து, பக்கத்தில் கடிகாரங்களை வைத்திருந்தார்கள்.

அவள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். முப்பதைத் தாண்டிய வயது. கையில் ஆண்கள் கட்டுகிற மாதிரி ஒரு பெரிய வாட்ச், அதன் பட்டை இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அது என்னவென்று நான் அப்போது யோசிக்கவில்லை.

"நீங்கதான் அறிவழகன் சாரா? பிரேம் தம்பி ஒங்களப் பத்தி நெறையா சொல்லியிருக்காங்க" என்றாள். பிரேம் இவளோடு பேசுகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தலையை மட்டும் ஆட்டினேன்.

சமையல்கட்டுச் சத்தம் அதிகமாக இருக்கிறது, கதவைச் சாத்திவிடலாமா என்று நடராசன் சார் எழுந்தார். "வேணாம் சார், இருக்கட்டும். சத்தம் இல்லாட்டி எனக்கு ஆடவே வராது" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஆட்டத்தில் எனக்குக் கறுப்பு. கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில் ராணியை நீட்டினேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. எடுத்துக்கொண்டாள், நானும் எடுத்துக்கொண்டேன். இரண்டு ராணியும் பலகைக்கு வெளியே மேசையில் படுத்துக் கிடந்தன. நான் நாற்காலியில் சாய்ந்து, அவள் கை நடுங்குவதற்காகக் காத்திருந்தேன்.

நடுங்கவில்லை. கிரைண்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, அவள் கையும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. யானை வந்தது, மந்திரி வந்தது, நடுவிலிருந்த என் சிப்பாய் போனது. இதோ இந்தக் காய்க்கு நிற்பாள், அடுத்ததற்கு நிற்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து என் நேரத்தைத் தீர்த்தேன். பாதி யோசனையில் ஒரு யானையைச் சும்மா கொடுத்தேன். கடைசியில் நேரமும் போய், காயும் போய், கையை நீட்ட வேண்டியதாயிற்று. முதல் போர்டு நாற்காலியில் உட்கார்ந்து நான் கைகொடுத்துத் தோற்றது அன்றுதான். 'ச்ச' என்று சத்தம் வந்தது. பழக்கத்தில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிரேம் என் நாற்காலிக்குப் பின்னால் இல்லை. மேசையின் அந்தப் பக்கம், அவளுக்குப் பின்னால் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் டீ கொடுத்தார்கள். நடராசன் சார் வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "நேர்ல நல்லாத்தான் ஆடுறீங்கம்மா. ஆனா ஆன்லைன்ல நடுவுல நடுவுல நின்னு நின்னு ஆடுறீங்களாமே. கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் பாத்துக் காய் வைக்கிறதுண்டா?"

அரியலூர் ஆட்களில் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். வெற்றிச்செல்வி முகம் சிவந்துபோய் வாட்ச் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிரேம் சொன்னான்: "அறிவண்ணனக் கேளுங்க சார். அவருதான் எல்லா ஆட்டத்தையும் பாத்தவரு."

நான் ஒன்றும் பேசாமல் டீயை ஆற்றியிருந்தால் போதும். சந்தேகம் அங்கேயே முளைத்து, அவரவர் ஊருக்குப் போய்ச் சேரும்போது மரமாகியிருக்கும். கம்ப்யூட்டர்தான் என்று இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கே ஆசையாக இருந்தது. அப்படி இருந்தால் அந்தக் குதிரை அவளுடையது இல்லை. நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் அந்தக் குதிரையை அந்தக் கட்டத்தில் வைத்தது அவள்தான் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"கம்ப்யூட்டர் இல்ல சார்" என்றேன். "நின்னதுக்கு அப்புறம் வைக்கிற காய்தான் மட்டமா இருக்கும். கம்ப்யூட்டர் பாத்தா நல்லதால்ல வைக்கணும். ஆட்டம் அவங்க ஆட்டந்தான்."

சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு தெரிஞ்சும் ராணி போனா கை நடுங்கும்னு எழுதிட்டீங்களே சார்?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பிரேமைப் பார்த்தேன். அவன் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "நாந்தாண்ணே அனுப்புனேன். நல்லா எழுதியிருந்தீங்கல்ல, படிச்சா சிரிப்பாங்கன்னு" என்றான்.

"சிரிச்சேன் சார், நெசமா" என்றாள். முகத்தில் சிவப்பு இறங்கியிருந்தது. "எங்களுக்கு மாவு மில்லு. பகலெல்லாம் நாந்தான் நிப்பேன். மெஷின் ஓடுற நேரத்துல மூட்ட மேல ஒக்காந்து போன்ல ஆடுவேன். மேல தொட்டியில தானியம் தீந்துட்டா வெறுங்கல்லு ஓடும், சத்தம் மாறிடும். ஒடனே ஓடிப்போயி தள்ளிவிடணும், இல்லன்னா கல்லு போயிடும். போன அப்புடியே போட்டுட்டு ஓடுவேன். திரும்பி வந்து பாத்தா பாதி நேரம் போயிருக்கும். என்ன நெனச்சு வச்சிருந்தேன்னும் மறந்துருக்கும். கைக்கு வந்தத எடுத்து வச்சிருவேன். ராணி இருந்தா என்ன, போனா என்ன சார்? கம்பு தீராம இருந்தாப் போதும்."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நடராசன் சார்கூடச் சிரித்தார். நானும் வாயைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். வெள்ளையாகப் படிந்திருந்தது மாவு. ஒரு மாதம் உட்கார்ந்து நான் கண்டுபிடித்த பயம், யாரோ கொண்டுவந்து கொடுத்த கம்பு மூட்டை. இலையில் இருந்த ஓட்டை மாடு கடித்தது. நான் புழுவுக்கு மருந்து எழுதியிருக்கிறேன். இதைவிட இன்னொன்றுதான் தாங்கவில்லை. மெஷினுக்கு ஒரு காது, பலகைக்கு ஒரு கண் என்று பாதி ஆளாக உட்கார்ந்துதான் அவள் அத்தனை ஆட்டமும் ஆடியிருக்கிறாள். நான் கடையைச் சாத்திவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு, முழு ஆளாக உட்கார்ந்து ஆடியும் எனக்கு அப்படி ஒரு குதிரை வந்ததில்லை.

டீக்குப் பிறகு மற்ற போர்டுகளை முதலில் ஆடி முடித்தார்கள், அந்தக் கணக்கில் இரண்டு ஊரும் சமமாக இருந்தன. என்னுடைய இரண்டாவது ஆட்டம்தான் பாக்கி. நான் ஜெயித்தால் முதல் போர்டு சமன். ஊருக்கும் மானம், எனக்கும் நாற்காலி. தோற்றால் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் யார் என்று பேச்சு வரும். எல்லோரும் எங்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். பிரேம் அவளுக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றான்.

இந்த முறை எனக்கு வெள்ளை. ஜாதகத்தைத் தூர எறிந்துவிட்டு எனக்குத் தெரிந்த மாதிரி ஆடினேன். நன்றாகவே ஆடினேன். அவளுடைய ராஜாவைச் சுற்றி ஒவ்வொன்றாகக் காய்களைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, என் மந்திரியை விரட்டினாள், விரட்டிய சிப்பாயை நான் எடுத்ததும் என் யானையை விரட்டினாள். இரண்டு பேருக்கும் நேரம் கரைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு காய் போதும், மேட் என்று நான் கையைத் தூக்கியபோது அவள் குதிரை நகர்ந்தது. பலகையின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தது.

சுற்றி நின்றவர்கள் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பிரேமுக்கும் புரிந்தது, 'ச்ச' என்றான். நான் செக் வைத்தால் அவள் ராஜா ஒரு கட்டம் நகரும். பிறகு அந்தக் குதிரை உள்ளே வரும், என் கதை முடிந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. என் மேலேயே விழப்போகிற அடி, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. இருந்த ஒரே செக்கை வைத்தேன். அவள் ராஜா நகர்ந்தது. இனி தடுக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தே ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன். அவள் கை குதிரையை நோக்கி வந்தது.

அப்போதுதான் கிரைண்டரின் சத்தம் மாறியது. மாவை வழித்துவிட்டு நிறுத்த மறந்து யாரோ எங்கோ போய்விட்டார்கள் போலிருக்கிறது. கல்லோடு கல் உரசி, கடகடவென்று வெறுமையாக ஓட ஆரம்பித்தது.

குதிரையைத் தொடப்போன கை நின்றது. அவள் தலை சமையல்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. பாதி எழுந்துவிட்டாள். வலது கை மேலே போய், அங்கே இல்லாத ஒரு தொட்டியில் எதையோ தள்ளிவிடுகிற மாதிரி காற்றில் அசைந்தது. கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆடுகிறவர்கள் பேசக்கூடாது, பார்க்கிறவர்களும் பேசக்கூடாது, அது விதி. கடிகாரத்தில் அவளுக்கு மிச்சமிருந்த கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒங்க காய்" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் பலகையை யோசிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தினேன். அவளுடைய கை இன்னும் காற்றில் கம்பைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கைக்குப் பின்னால் பிரேம் நின்றிருந்தான். அவன் பலகையைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.